வகுப்பறையில் எடை மெஷின் எதற்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள். எழுதுவது கணக்கு டீச்சர் என்பதால் நடுநடுவே எண்கள் வரும். பயப்படவேண்டாம், கடைசியில் பரீட்சை கிடையாது.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் நம் வீட்டுப் பெண் ஒருத்தியின் பள்ளியிலிருந்து ஆப் வழியாக அனுப்பிய "ஹெல்த் கார்டு". உயரம், எடை, பிஎம்ஐ. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் "ஓவர்வெயிட்". போட்டவன் அவள் அப்பாதான், வேடிக்கைக்காக. பத்தே நிமிடத்தில் ஊரே கூடிவிட்டது. "ராத்திரி சாப்பாட்டை நிறுத்து", "கொள்ளு ரசம் வை", "போனைப் பிடுங்கிட்டு கிரவுண்டுக்கு அனுப்பு", அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள். நான் "தயவுசெய்து அந்தப் படத்தை எடுத்துவிடப்பா" என்று எழுதினேன். "பெரியம்மா, சும்மா ஜாலிக்குத்தானே" என்று பதில் வந்தது.

அந்தப் பெண்ணும் அந்தக் குழுவில் இருக்கிறாள். அது யாருக்கும் நினைவில்லை. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையும் சாப்பிடவில்லை. அவள் அம்மாவிடம் கேட்டுவிட்டு, அவளிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஜாலியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சண்டைக்கு வருகிறேன் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஊருக்கு உபதேசம் என்பீர்கள்.

அம்பத்தூரில் நான் வேலை பார்த்தபோது வருடத்துக்கு இரண்டு முறை பிள்ளைகளின் உயரம், எடையைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். வகுப்பாசிரியர் பொறுப்பு. வரிசையாக நிற்க வைப்பேன். ஒவ்வொருவராக மெஷினில் ஏறுவார்கள். நான் குனிந்து முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வேன், லீடர் எழுதிக்கொள்வாள். என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

2003-ம் வருடம், ஒன்பதாம் வகுப்பு. ஒரு பெண். அப்பா எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். அவள் எடையை நான் சத்தமாகச் சொன்னதும் பின்னாலிருந்து ஒரு குரல், "டன்லப்!" அம்பத்தூர்க்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை, டயர் கம்பெனி. வகுப்பு முழுக்கச் சிரித்தது. கண்டித்திருக்கவேண்டிய நானும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஜனவரியில் மறுபடி எடை பார்த்தபோது அவள் பாதியாக இருந்தாள். மதியம் டிபன் பாக்ஸை அப்படியே பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள், நானே பார்த்திருக்கிறேன். "கர்ணன் மாதிரி" என்று பாராட்டிக்கூட இருக்கிறேன். மெஷினிலிருந்து அவள் இறங்கியதும் நான் வகுப்பைப் பார்த்துச் சொன்னேன்: "பாத்தீங்களா, கட்டுப்பாடு இருந்தா எதையும் சாதிக்கலாம். எல்லாரும் கைதட்டுங்க."

கைதட்டினார்கள்.

அடுத்த வருடம் காலை பிரேயரில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். ரத்தசோகை என்றார்கள், கேஸ்டிரிக் என்றார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாதவிலக்கு நின்றுபோனது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று வேப்பிலை அடித்தார்கள். பத்தாம் வகுப்பை இரண்டு வருடம் தள்ளி எழுதினாள். 2018-ல் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்கு முழுக்கதையும் தெரிந்தது. கல்லூரிக் காலத்தில் ஒரு மனநல மருத்துவர்தான் அதற்குப் பெயர் சொல்லி வைத்தியம் பார்த்தாராம். அனோரெக்ஸியா. சாப்பிடாமல் இருப்பதே நோயாகிவிடுவது.

"அப்போ யாராவது உன்கிட்ட நேரா கேட்டிருந்தா சொல்லியிருப்பியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். மொத தடவ பொய்தான் சொல்லியிருப்பேன். ரெண்டாவது தடவையும் பொய்தான். மூணாவது தடவ யாராச்சும் கேட்டிருந்தா, தெரியல."

அந்த மூன்றாவது தடவையைப் பற்றித்தான் ஏழு எட்டு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கவும் செய்தேன், தெரிந்த டாக்டர்களை நச்சரித்தேன், அவர்களில் சிலர் என்னிடம் படித்தவர்களே. அதில் புரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

இது பணக்கார வீட்டு நோயா?

"இதெல்லாம் வெள்ளைக்காரப் பெண்களுக்கு வரும், நம் ஊரில் சோறு கிடைத்தால் போதும்" என்று ஒரு கட்சி உண்டு. நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். காரணமும் உண்டு. பசி என்றால் நமக்குத் தெரிந்தது இல்லாமைப் பசி. 1956-ல் காமராஜர் மதிய உணவு கொண்டுவந்ததும், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்ததும், 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியதும் அந்தப் பசிக்காகத்தான். காலையில் சுருண்டு விழும் பிள்ளையிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்கப் பழகிய ஆசிரியர்கள் நாம். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் தட்டில் சோறு இருந்தும் கை நீட்டாத பிள்ளையைப் பார்க்க நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவு மருத்துவர்கள் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே வந்த பிள்ளைகளில் உண்ணுதல் கோளாறு உள்ளவர்கள் என்று கண்டறிந்தது 41 பேர். அதில் 35 பேருக்கு இருந்தது அனோரெக்ஸியா இல்லை, மனக் காரணத்தால் வரும் வாந்தி. மீதி 6 பேருக்குத்தான் அனோரெக்ஸியா. அதாவது நம் பிள்ளைகளின் துன்பம் பெரும்பாலும் "நான் குண்டு" என்று கண்ணாடி முன் அழும் சினிமாக் காட்சியாக வருவதில்லை. "வயிறு சரியில்ல", "நெஞ்சைக் கரிக்குது", "சாப்பிட்டா வாந்தி வருது" என்று வருகிறது. நாம் ஜெலூசில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

அதற்கும் முன்பு, 1998-ல், நம் சென்னை மனநல மருத்துவர்கள் சீனிவாசன், சுரேஷ், வசந்தா ஜெயராம் மூவரும் 210 மருத்துவக் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்தார்கள். மேல்நாட்டுப் புத்தகத்தில் உள்ள முழு நோய் என்று சொல்லமுடியாத, ஆனால் சாப்பாட்டையும் உடம்பையும் நினைத்து அவதிப்படுகிற ஒரு நிலை சுமார் 15 சதவீதம் பேரிடம் இருந்தது. அதற்குத் தனியாகப் பெயர் வைத்து, நம் ஊருக்கென்று ஒரு கேள்வித்தாளும் தயாரித்தார்கள். கவனியுங்கள், இன்ஸ்டாகிராம் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு. எல்லாப் பழியையும் செல்போன் மேல் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

ஒன்று நிச்சயம். மனநோய்களில் உயிரை அதிகம் குடிப்பவற்றில் அனோரெக்ஸியாவும் ஒன்று. 2025-ல் கேரளத்தில் ஓர் இளம்பெண் இணைய டயட்டைப் பின்பற்றிப் பட்டினி கிடந்து இறந்த செய்தியை நீங்களும் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். குழுவில் அதைப் பகிர்ந்து "அய்யோ பாவம்" என்று போட்டவர்களில் சிலர்தான் போன வாரம் சிரித்த பொம்மையும் போட்டார்கள். யாரென்று சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும்.

எடை மெஷின் எதை அளக்கிறது?

இப்போது கணக்குக்கு வருவோம்.

பிஎம்ஐ என்பது எடையை (கிலோவில்) உயரத்தின் வர்க்கத்தால் (மீட்டரில்) வகுத்தால் வருவது. 18.5, 25 என்ற எல்லைகள் வளர்ந்து முடிந்தவர்களுக்கானவை. வளரும் பிள்ளைக்கு அந்த எல்லைகளைப் போடக்கூடாது. வயதும், ஆணா பெண்ணா என்பதும் பார்த்து, அதற்கான வளர்ச்சி வரைபடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு 2007-ல் அப்படி ஒரு வரைபடம் கொடுத்திருக்கிறது. நம் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் நம் பிள்ளைகளுக்கென்றே ஒன்று வெளியிட்டிருக்கிறது. நம் குழுவில் வந்த கார்டில் எந்த வரைபடமும் இல்லை. ஏழாம் வகுப்புப் பெண்ணுக்குப் பெரியவர்களின் எல்லையைப் போட்டிருந்தார்களா, வேறு எதையாவது போட்டிருந்தார்களா, கார்டைப் பார்த்தால் தெரியவில்லை. சிவப்பு மை மட்டும் தெரிந்தது.

சரியான வரைபடமே போட்டாலும் ஒற்றைப் புள்ளியை வைத்து என்ன சொல்வீர்கள்? ஒரு புள்ளிக்குச் சாய்வு கிடையாது என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! இரண்டு புள்ளியாவது வேண்டும், நாலைந்து இருந்தால் நல்லது. வயதுக்கு வரும் பருவத்தில் உடம்பு சதை போடுவது இயற்கை, உயரப்போவதற்கு முன் சேர்த்து வைப்பது. அதை நோய் என்று சிவப்பில் எழுதினால் பிள்ளை என்ன செய்யும்?

இதற்கு எதிர்ப்பக்கம்தான் இன்னும் பயங்கரம். சிறுவயது முதல் வரைபடத்தின் மேல் கோட்டிலேயே வளர்ந்துவந்த ஒரு பிள்ளை ஆறே மாதத்தில் நடுக்கோட்டுக்கு இறங்கினால் அந்த ஹெல்த் கார்டு என்ன சொல்லும்? பச்சை மையில் "நார்மல்" என்று சொல்லும். வீட்டில் பாயசம் வைப்பார்கள். ஆனால் உள்ளே இதயத்துடிப்பு குறைந்திருக்கலாம், மாதவிலக்கு நின்றிருக்கலாம். எடை நார்மலாக இருந்தும் அனோரெக்ஸியாவின் மற்ற எல்லா லட்சணமும் இருக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு 2013-லேயே எழுதிவிட்டது. என் மாணவிக்கு நான் கைதட்டச் சொன்னேனே, அன்று அவள் "நார்மல்".

இங்கிலாந்தில் மருத்துவர்களுக்கு வழிகாட்டும் அமைப்பு 2017-ல் தெளிவாகவே சொன்னது: பிஎம்ஐ போன்ற ஒற்றை அளவை வைத்து சிகிச்சை தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யாதீர்கள். அங்கே டாக்டருக்கே அந்த அதிகாரம் இல்லை. இங்கே பி.டி. மாஸ்டரும், ஆப் கம்பெனியும், கொள்ளு ரசச் சித்தப்பாவும் அதே எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

கேள்வித்தாள் இருக்கிறதே?

"சரி டீச்சர், எடை வேண்டாம். கேள்வித்தாள் இருக்கிறதே, அதை வகுப்பில் கொடுத்துவிடலாம்" என்று கவுன்சிலராக இருக்கும் என் மாணவி ஒருத்தி சொன்னாள். அவள் நல்ல பெண், கோபித்துக்கொள்ளமாட்டாள். அவளுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பகுதி.

உலகத்தில் அதிகம் பயன்படும் கேள்வித்தாள்களில் ஒன்று கனடாவில் டொரன்டோவில் 1979-ல் உருவானது. முதலில் 40 கேள்வி, 1982-ல் 26 ஆகச் சுருக்கினார்கள். மதிப்பெண் 20-ஐத் தொட்டால் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். 1988-ல் சிறு பிள்ளைகளுக்கென்று அதை எளிமைப்படுத்தினார்கள். நல்ல கருவிதான், செய்தவர்களைக் குறை சொல்லவில்லை.

ஆனால் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது என்ன ஆயிற்று? மைக்கேல் கிங், தினேஷ் புக்ரா என்ற இரண்டு மருத்துவர்கள் 1980-களில் வட இந்திய ஊர் ஒன்றில் ஐநூறுக்கும் மேற்பட்ட பள்ளி மாணவிகளிடம் அதை இந்தியில் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பாராத அளவுக்கு நிறையப் பேர் எல்லையைத் தாண்டினார்கள். ஊர் முழுக்கவா நோய்? கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறு. உணவைச் சின்னச் சின்னத் துண்டாக்கிச் சாப்பிடுகிறாயா, பசித்தாலும் சாப்பிடாமல் இருக்கிறாயா, உணவில் கட்டுப்பாடாக இருக்கிறாயா என்ற மாதிரிக் கேள்விகளுக்குப் பிள்ளைகள் "ஆமாம்" என்றிருக்கிறார்கள். விரதம் இருப்பதும் அடக்கமாகச் சாப்பிடுவதும் நல்ல பெண்ணுக்கு அடையாளம் என்று வளர்க்கப்பட்ட ஊரில் வேறு என்ன சொல்வார்கள்? இதை 1989-ல் எழுதி வைத்தார்கள்.

நம் பக்கம் பாருங்கள். பூந்தமல்லியிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாங்காடு. அங்கே அம்மனே நெருப்பின் மேல் ஒற்றைக் காலில் தவம் நின்றவள். ஆடி மாதம் திருவேற்காடு பக்கம் எத்தனை வீட்டில் பெண்பிள்ளைகள் விரதம் இருக்கிறார்கள்! என் வகுப்பில் ரம்ஜான் நோன்பு இருந்த பிள்ளைகள் உண்டு, தவக்காலத்தில் ஒருவேளை ஒறுத்த பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் ஆடியிலோ நோன்பு மாதத்திலோ போய் "பசித்தாலும் சாப்பிடாமல் இருப்பாயா?" என்று கேட்டால் கைதூக்குவார்கள். அது பக்தி.

இதன் மறுபக்கத்தையும் மறக்காதீர்கள். நோய் அந்த விரதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். என் மாணவி வாரத்துக்கு ஒரு நாள் ஆரம்பித்து, செவ்வாய், வெள்ளி, சனி, கிருத்திகை, சஷ்டி என்று அடுக்கிக்கொண்டே போனாள். வீட்டில் "பக்தியான பொண்ணு" என்றார்கள். அதனால் விரதம் இருக்கிறாயா என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. விரதம் முடிந்தபிறகு என்ன சாப்பிட்டாய்? வடை பாயசம் தொட்டாயா? வீட்டில் எல்லோரும் இருந்த விரதமா, நீ மட்டும் இருந்ததா? விரதத்தை விட்டால் சாமிக்குப் பயமா, எடை கூடிவிடும் என்று பயமா? இந்தக் கேள்விகள் டொரன்டோவில் உட்கார்ந்து யாருக்கும் தோன்றாது. நமக்குத் தோன்றவேண்டும்.

இன்னொரு கேள்வித்தாள், இங்கிலாந்தில் 1999-ல் வந்தது. ஐந்தே கேள்வி, இரண்டுக்கு "ஆமாம்" என்றால் சந்தேகிக்கவேண்டும். அதில் ஒரு கேள்வி, மூன்று மாதத்தில் ஒரு "ஸ்டோன்" எடை குறைந்ததா என்பது. ஸ்டோன் என்பது அந்த ஊர் அளவு, நம் கணக்கில் சுமார் 6.35 கிலோ. முதலில் இதைச் சோதித்தது வயது வந்த பெண்களிடம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஆறு கிலோ என்பது உடம்பில் எவ்வளவு பங்கு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். அதோடு வளரும் பிள்ளை எடை குறையவே வேண்டாம். உயரம் கூடிக்கொண்டே போய் எடை அங்கேயே நின்றால் அதுவும் இழப்புதான். அந்தக் கேள்விக்கு அந்தப் பிள்ளை உண்மையாகவே "இல்லை" என்று சொல்லும்.

ஒல்லியாகவேண்டும் என்ற ஆசையே இல்லாமல் சாப்பிட மறுக்கும் பிள்ளைகளும் உண்டு. விக்கிவிடுமோ, வாந்தி வருமோ என்ற பயம், அல்லது உணவின் வாசனை, பதம் பிடிக்காமல் போவது. இதற்கும் 2013-ல்தான் தனிப் பெயர் கிடைத்தது. "குண்டாகிவிடுவேன் என்று பயமா?" என்று மட்டும் கேட்கும் கேள்வித்தாளில் இவர்கள் சிக்கவேமாட்டார்கள்.

ஆகவே கேள்வித்தாளைக் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அது வாசற்கதவு மாதிரி. கதவைத் தட்டிவிட்டு வந்துவிடுவதா? பிறகு உட்கார்ந்து பேசவேண்டும். பிள்ளையிடம் தனியாக, பெற்றோரிடம் தனியாக. பிள்ளை மறைக்கும், அம்மா பயத்தில் குறைத்துச் சொல்வாள், பாட்டி "நல்லாத்தான் சாப்பிடுறா" என்பார். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்கவேண்டும். அதற்கடுத்தும் கேட்கவேண்டும்.

எதைப் பார்க்கவேண்டும்?

எண்ணைப் படிப்பதற்குப் பதில் பிள்ளையைப் பாருங்கள்.

சாப்பிட்டவுடன் தினமும் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறதா? எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தான் மட்டும் "அப்பவே சாப்பிட்டேன்" என்கிறதா? சித்திரை வெயிலிலும் குளிர்கிறது என்று முழுக்கைச் சட்டை போடுகிறதா? முடி கொத்தாகக் கொட்டுகிறதா? மாதவிலக்கு தள்ளிப்போய் நின்றிருக்கிறதா? கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறதா, பந்தியில் உட்காரவேண்டுமே என்ற பயத்தால்? காய்ச்சலிலும் ஓடுகிறதா, ஓடாவிட்டால் அழுகிறதா?

பையன்களை விட்டுவிடாதீர்கள். திருவள்ளூர் ஹைரோட்டில் பாடியிலிருந்து ஆவடிவரை எத்தனை ஜிம் என்று எண்ணிப் பாருங்கள். சோற்றை நிறுத்தி, முட்டை வெள்ளையும் பவுடரும் மட்டும் என்று பதினாறு வயதுப் பையன் ஆறு மாதம் இருந்தால் "டெடிகேஷன்" என்கிறோம். அவனிடமும் கேளுங்கள்: ஒருநாள் ஜிம்முக்குப் போகாவிட்டால் என்ன ஆகும்?

டாக்டரிடம் போனால் எடையோடு நிறுத்தாமல் நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், உடல்சூடு, இசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அமைதியாக இருக்கும்போதே நாடி 50-க்குக் கீழே போனால் அன்றே பெரிய ஆஸ்பத்திரி. ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. அதேசமயம் இளைக்கும் பிள்ளைக்கெல்லாம் மனநோய் என்றும் ஓடாதீர்கள். காசநோய், தைராய்டு, சர்க்கரை, குடல்நோய், ரத்தசோகை, பூச்சித்தொல்லை எல்லாவற்றையும் பார்த்துக் கழிக்கவேண்டும். வீட்டில் உண்மையிலேயே அரிசி இல்லையா என்பதையும்தான்.

முக்கியமான ஒன்று. பல நாள் பட்டினி கிடந்த பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்து ஒரே நாளில் பிரியாணி ஊட்டாதீர்கள். உடம்பில் உப்புச்சத்துக்கள் தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு, எப்படிக் கூட்டுவது என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். அதன்பிறகு ஊட்டும் வேலை நம்முடையதுதான். லண்டனில் 1980-களில் தொடங்கிய ஒரு சிகிச்சைமுறையில் பிள்ளையைத் தேற்றும் பொறுப்பைப் பெற்றோர் கையில்தான் கொடுக்கிறார்கள். அதில் குணமானவர்கள் நிறைய. அம்மாவின் கைச்சோறு மருந்தாவது இங்கேதான்.

குண்டு பிள்ளைகளை அப்படியே விட்டுவிடுவதா?

கேட்பீர்கள் என்று தெரியும். குழந்தைகளுக்கு உடல்பருமன், சின்ன வயதில் சர்க்கரை எல்லாம் பொய்யா என்று. பொய்யில்லை. அதற்காகத்தான் வரைபடம், அதற்காகத்தான் டாக்டர். எடை பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2013-லிருந்து மத்திய அரசின் பள்ளிச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிக்கே வருகிறது. பார்வை, காது, பல், ரத்தசோகை என்று முப்பது குறைபாடுகளைப் பட்டியல் போட்டுப் பார்க்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அந்த முப்பதில் உண்ணுதல் கோளாறு இல்லை. சேர்க்கவேண்டும் என்பதே என் வாதம். மெஷினில் ஏற்றும் அதே நேரத்தில் மறைவாக, தனியாக, நாலு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும்?

கேலி செய்தால் பிள்ளை இளைக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இளைக்கலாம். என் வகுப்பில் இளைத்தாள்.

நான் கேட்பது இவ்வளவுதான்

பள்ளி நடத்துகிறவர்களுக்கு, அதில் என் மாணவர்களே மூன்று நான்கு பேர் இருக்கிறீர்கள்: எடையை வகுப்பறையில் பார்க்காதீர்கள். தனி அறையில், ஒருவர் மட்டும், எண்ணைச் சொல்லாமல் எழுதுங்கள். ஆப்பில் சிவப்பு மையில் தீர்ப்பு அனுப்பாதீர்கள். கவலைப்பட ஏதாவது இருந்தால் பெற்றோரைக் கூப்பிட்டு நேரில் பேசுங்கள். வருடாவருடம் எழுதிய எண்களை ஒரே வரைபடத்தில் கோர்த்து வையுங்கள், சாய்வு தெரியட்டும்.

கவுன்சிலர்களுக்கும் உளவியல் படித்தவர்களுக்கும்: மொழிபெயர்த்த கேள்வித்தாளை நம் பிள்ளைகளிடம் உரக்கப் படித்துக் காட்டி, "இதுக்கு உனக்கு என்ன புரியுது?" என்று முதலில் கேளுங்கள். 1998-லேயே சென்னையில் ஒரு தொடக்கம் நடந்திருக்கிறது. அதைத் தூசு தட்டி எடுங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றமாதிரி வளருங்கள்.

சொந்தக்காரர்களுக்கு: விசேஷ வீட்டில் பிள்ளைகளைப் பார்த்ததும் "என்ன இப்படி ஊதிட்ட?", "சூப்பரா இளைச்சிட்டியே!" இரண்டையும் விட்டுவிடுங்கள். இரண்டும் ஒன்றுதான். வேறு பேச்சா இல்லை? என்ன படிக்கிறாய், யார் உன் ஃப்ரெண்ட், நைட் தூக்கம் வருதா என்று கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. தமிழக அரசின் 104 இருக்கிறது. பிள்ளைகளே கூப்பிட 1098 இருக்கிறது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் நம் பக்கத்திலிருந்து ஒரு ரயில், ஒரு பஸ் தூரம்தான். கீழ்ப்பாக்கம் என்றதும் முகம் சுளிக்கிற பழக்கத்தை என் தலைமுறையோடு புதைத்துவிடுங்கள். அந்தச் சுளிப்புக்குப் பயந்துதான் என் மாணவியை நாலைந்து வருடம் வேப்பிலையிலேயே வைத்திருந்தார்கள்.

அந்தப் படம் குழுவிலிருந்து போய்விட்டது. அவள் அப்பா நேற்று போன் செய்தான். "பெரியம்மா, நான் இப்ப என்ன பண்ணணும்?" என்றான். அவளிடம் மன்னிப்புக் கேள் என்றேன். கேட்டானாம். அவள் "பரவாயில்லப்பா" என்றாளாம். அத்தோடு முடிந்தது என்று நினைக்காதே, அடுத்த வாரமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடு, அதற்கடுத்த வாரமும் உட்கார் என்று சொல்லியிருக்கிறேன். குழந்தை டாக்டரிடமும் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

2003-ல் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்கள் இதைப் படித்தால், அன்று கைதட்டியதற்காக நீங்கள் வருத்தப்படவேண்டாம். சொன்னது நான். தட்டச் சொன்னவள் நான். உங்களில் நிறையப் பேர் இப்போது அம்மா அப்பா. இன்று இரவு சாப்பிடும்போது போனைக் கீழே வைத்துவிட்டு உங்கள் பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

கமெண்டில் திட்டுவதானால் திட்டுங்கள், பதில் சொல்கிறேன். பிள்ளைகளின் எடையை மட்டும் அங்கே எழுதாதீர்கள். தனியாகப் பேசவேண்டும் என்றால் இன்பாக்ஸில் வாருங்கள், நம்பர் தருகிறேன். மதியம் இரண்டிலிருந்து நாலுவரை தூங்குவேன், மற்றபடி எப்போது வேண்டுமானாலும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு மிஸ்